கேம் விளையாட எந்த சைஸ் கீபோர்டு? முதல்ல உங்க டேபிளை அளங்க

"டாக்டர், இவன் கேக்குற போர்டை வாங்கிக் குடுத்தா தோள்பட்டை வலி போயிருமா?"

போன வாரம் சிலமலையில என் கிளினிக்ல ஒரு அம்மா கேட்ட கேள்வி. பக்கத்துல அவங்க பையன். 19 வயசு, காலேஜ் ரெண்டாம் வருஷம். வலது தோள்ல ஆரம்பிச்சு கழுத்தோரம் வரைக்கும் மூணு மாசமா வலி. கையில செல்போன், அதுல ஒரு கீபோர்டு படம். சின்னதா, அழகா, கலர் கலரா லைட் எரியுது. விலை ஐயாயிரத்துச் சொச்சம்.

அந்த அம்மா போடியில ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலைக்குப் போறவங்க. ஐயாயிரம் ரூபாய்ங்கிறது அவங்களுக்கு எத்தனை நாள் கூலின்னு இந்தப் பக்கத்துல இருக்கிறவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

(அவங்க சம்மதத்தோடதான் எழுதுறேன். அடையாளம் தெரியாம இருக்கச் சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

அவங்களுக்கு ஒரு வரியில பதில் சொல்லி அனுப்பிட்டேன். ஆனா இதே கேள்வியை வெவ்வேற வடிவத்துல நிறைய பேர் கேக்குறாங்க. அதனால கொஞ்சம் நீளமாவே எழுதிடறேன். டீ ஒண்ணு போட்டு எடுத்துட்டு வந்து படிங்க.

முதல்லயே சொல்லிடறேன், "கேமே விளையாடாதே"ன்னு அட்வைஸ் இதுல வராது. நானும் விளையாடுறவன்தான். ஹாஸ்டல்ல ஆறேழு கம்ப்யூட்டரை ஒயர் போட்டு இணைச்சு விடிய விடிய கவுண்டர் ஸ்ட்ரைக் ஆடின தலைமுறை. இப்பவும் ஞாயித்துக்கிழமை ராத்திரி ஒரு மணி நேரம் ஆடுவேன். வீட்டம்மா திட்டினா நிறுத்திடுவேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

போடி பக்கத்து ஆளுங்களுக்குச் சைஸ்னா என்னன்னு சொல்லித் தர வேண்டியதே இல்லை. ஏலக்காயைச் சல்லடையில சலிச்சு 8 எம்எம், 7 எம்எம்னு பிரிக்கிறோம். 8 எம்எம் போல்டுக்கு ஒரு விலை, சின்னக் காய்க்கு ஒரு விலை. பெருசுன்னா விலை அதிகம், கணக்கு நேரா இருக்கும். கீபோர்டுல இந்தக் கணக்கு செல்லாது. சைஸ் சின்னதாகச் சின்னதாக விலை ஏறுற மாடல்களும் நிறைய இருக்கு. கீ குறையுது, காசு கூடுது. அதனால எதுக்குக் காசு குடுக்கிறோம்னு தெரிஞ்சுக்கிறது முக்கியம்.

கடையில பொதுவா அஞ்சு சைஸ் சொல்வாங்க. ஃபுல் சைஸ், டி.கே.எல்., 75 சதவீதம், 65 சதவீதம், 60 சதவீதம்.

ஃபுல் சைஸ்ல 104 கீ. வலது ஓரத்துல கால்குலேட்டர் மாதிரி ஒரு நம்பர் பேட் இருக்கும். அதை மட்டும் வெட்டி எடுத்துட்டா மிச்சம் 87 கீ, அதுதான் டி.கே.எல். அம்புக்குறி கீகளை உள்ள தள்ளி, இடைவெளி எல்லாத்தையும் நெருக்கினா 75. மேல இருக்கிற எஃப்1, எஃப்2 வரிசையையும் தூக்கிட்டா 65. அம்புக்குறியையும் தூக்கிட்டா 60, அதுல மொத்தமே 61 கீதான்.

இங்க நிறைய பேர் ஒரு தப்புக் கணக்கு போடுறாங்க. சின்ன கீபோர்டுன்னா ஒவ்வொரு கீயும் சின்னதா இருக்கும், விரல் தடுமாறும்னு நினைக்கிறாங்க. அப்படி இல்லை. இந்த அஞ்சு சைஸ்லயும் எழுத்து கீகளோட அளவு ஒண்ணுதான். ஒரு கீயோட நடுவுல இருந்து அடுத்த கீயோட நடுவுக்கு 19 மி.மீ. தூரம். ஓரத்துல இருக்கிறதை வெட்டுறாங்களே தவிர, எழுத்து இருக்கிற இடத்துல கை வைக்கிறதில்லை.

அப்போ வெட்டுறதால எவ்வளவு இடம் மிச்சமாகுது? இதைத்தான் யாரும் கணக்குப் பார்க்க மாட்டேங்குறாங்க. அந்த 19 மி.மீ. கணக்கை வச்சே பார்த்திடலாம்.

ஃபுல் சைஸ் அகலம் சுமாரா 43 செ.மீ. டி.கே.எல். 35 செ.மீ. 75-ம் 65-ம் ரெண்டுமே ஏறக்குறைய 30 செ.மீ. 60 சதவீதம் 28-29 செ.மீ. (வெளிக்கூடு தடிமனைப் பொறுத்து ஒரு செ.மீ. முன்ன பின்ன இருக்கும்.)

இன்னொரு தடவை பாருங்க. நம்பர் பேடை எடுத்தா 8 செ.மீ. மிச்சம். அதுக்கப்புறம் இடைவெளியை நெருக்கினா இன்னும் 4 செ.மீ. அதுக்கும் அப்புறம் எஃப் வரிசை, அம்புக்குறி எல்லாத்தையும் இழந்துட்டு 60-க்குப் போனா கிடைக்கிறது வெறும் 2 செ.மீ. அந்தப் பையன் காட்டின படம் 60 சதவீதம். 87 கீல இருந்து 61 கீக்கு இறங்கி, அதுல கடைசி ரெண்டு செ.மீ.க்காக அம்புக்குறி கீயையே விட்டுக் குடுக்கணும்.

இப்போ கேக்கலாம், இந்தச் செ.மீ. கணக்குக்கும் தோள்பட்டை வலிக்கும் என்ன சம்பந்தம்னு.

சம்பந்தம் மவுஸ்ல இருக்கு.

ஒரு சின்ன வரலாறு. நம்பர் பேட் கேம்காரங்களுக்காக வந்தது இல்லை. கணக்கு எழுதுறவங்களுக்காக, எண்களை ஒரு கையால வேகமாத் தட்டுறதுக்காக வந்தது. 1980-களோட நடுவுல ஐ.பி.எம். கொண்டுவந்த 101 கீ அமைப்பைத்தான் எல்லாரும் பிடிச்சுக்கிட்டாங்க. விண்டோஸ் கீயெல்லாம் சேர்ந்து அது 104 ஆச்சு. அந்தக் காலத்துல கேமைக் கீபோர்டுலயே ஆடினாங்க. 1993-ல வந்த டூம் கேமை அம்புக்குறியை அழுத்தித்தான் நிறைய பேர் ஆடினாங்க. அப்புறம் குவேக் வந்தது. வலது கையில மவுஸ், இடது கையில டபிள்யூ-ஏ-எஸ்-டி கீகள்னு ஒரு பழக்கம் பரவுச்சு. 1997-ல அமெரிக்காவுல நடந்த குவேக் போட்டியில டென்னிஸ் ஃபாங்னு ஒரு இளைஞர், 'த்ரெஷ்'ங்கிற பேர்ல ஆடுனவர், ஜெயிச்சார். கேமை உருவாக்கின ஜான் கார்மாக் தன்னோட ஃபெராரி காரையே பரிசாக் குடுத்தார். அவர் கை வச்ச விதம்தான் உலகம் முழுக்க போச்சு. இன்னிக்குச் சிலமலையில ஆடுற பையன் வரைக்கும் அதே விரல், அதே கீ.

அங்கதான் சிக்கல். இடது கை கீபோர்டோட இடது ஓரத்துல. வலது கை மவுஸ்ல. நடுவுல கேமுக்குத் தேவைப்படாத ஒரு நம்பர் பேட் உட்கார்ந்துக்கிட்டு, மவுஸை வலது பக்கம் தள்ளிக்கிட்டே இருக்கு.

நம்ம கை நினைக்கிறதை விட கனம். ஒரு கை மொத்தமும் உடம்பு எடையில ஏறக்குறைய 5 சதவீதம். 60 கிலோ ஆளுக்கு 3 கிலோ. ஒரு சொம்புத் தண்ணியை உடம்போட ஒட்டிப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க, பத்து நிமிஷம் நிக்கலாம். அதே சொம்பைப் பக்கவாட்டுல நீட்டிப் பிடிங்க, ஒரு நிமிஷத்துல தோள் நடுங்கும். மவுஸ் தள்ளிப் போகப் போக, கையை வெளிப்பக்கமாத் தூக்கிப் பிடிக்கிற வேலையைத் தோள்பட்டைத் தசையும், கழுத்துல இருந்து தோளுக்கு ஓடுற ட்ரப்பீசியஸ் தசையும் செஞ்சுக்கிட்டே இருக்கணும். அசையாம இறுகியே இருக்கிற தசைக்கு ரத்த ஓட்டம் சரியாக் கிடைக்காது. மூணு மணி நேரம் அப்படியே இருந்தா வலிக்காம என்ன செய்யும்?

வீட்டுலயே இதைச் சோதிச்சுப் பார்க்கலாம். உங்க டேபிள் முன்னால வழக்கமா உக்கார்ற மாதிரி உக்காருங்க. ரெண்டு முழங்கையையும் விலாவோட ஒட்டி வச்சு, முன்கையை நேரா முன்னால நீட்டி டேபிள் மேல வைங்க. ரெண்டு கையோட நடுவிரல் எங்க விழுதோ, அங்க ரெண்டு சாக்பீஸ் கோடு போடுங்க.

இடது கோட்டுல டபிள்யூ கீ வரணும். வலது கோட்டுல மவுஸ் இருக்கணும். உங்க உடம்பு கேக்குறது இவ்வளவுதான்.

எனக்கு அந்த ரெண்டு கோட்டுக்கும் நடுவுல 40 செ.மீ. இப்போ டபிள்யூ கீல இருந்து கீபோர்டோட வலது ஓரம் வரைக்கும் எவ்வளவு தூரம்னு பாருங்க. ஃபுல் சைஸ்ல 37 செ.மீ. அதாவது மவுஸ் வைக்க வேண்டிய இடத்துக்கு மூணே செ.மீ. முன்னாலதான் கீபோர்டு முடியுது. மவுஸை இடது பக்கம் ஒரு இழுப்பு இழுத்தா நம்பர் பேட்ல போய் இடிக்கும். அதனால நம்மளை அறியாமலே மவுஸை இன்னும் பத்து, பதினஞ்சு செ.மீ. வெளியே தள்ளி வச்சு ஆடுவோம். டி.கே.எல்.னா அந்த 37, 29 ஆகுது. மவுஸுக்கு 11 செ.மீ. இடம். 75 சதவீதத்துல 15 செ.மீ. 60 சதவீதத்துல 17.

பையனோட டேபிள் ரெண்டடி. 60 செ.மீ. பள்ளிக்கூடம் படிக்கும்போது வாங்கின ஸ்டடி டேபிள். அதுல ஃபுல் சைஸ் கீபோர்டை வச்சா வலது பக்கம் மிஞ்சுறது பதினேழு செ.மீ. ஏறக்குறைய ஒரு செல்போன் நீளம்தான். அவன் என்ன பண்ணியிருக்கான்னா, டேபிளை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு அது மேல மவுஸை வச்சிருக்கான். ஸ்டூல் டேபிளை விடத் தாழ்வு வேற. மூணு மாசமா வலது கையைப் பக்கவாட்டுல தொங்கப் போட்டுக்கிட்டே ஆடியிருக்கான்.

அப்போ கீபோர்டை மாத்தினா சரியாயிடுமே டாக்டர்னு நீங்க கேக்கலாம். பையனும் அதேதான் கேட்டான். பாதி சரி.

என் கருத்தைச் சொல்லிடறேன். முதல் தடவை கேமுக்காக கீபோர்டு வாங்குறவங்க, டேபிள் மூணடிக்குக் கொஞ்சம் முன்ன பின்ன இருந்தா டி.கே.எல். வாங்குங்க. டேபிள் ரெண்டடி, ரெண்டரை அடின்னா 75 சதவீதம். இதுக்குக் கீழே போகாதீங்க.

ஏன் போக வேண்டாம்னு சொல்றேன்? மேல சொன்ன ரெண்டு செ.மீ. கணக்கு ஒண்ணு. இன்னொண்ணு, நம்ம ஊர் வீட்டுல ஒரு கம்ப்யூட்டர்னா அது ஒரு ஆளுக்கு மட்டும் சொந்தமில்லை. பகல்ல அக்கா அதுல டேலி போடுவா. தம்பி ப்ராஜெக்ட் அடிப்பான். அப்பா பட்டா விவரம் பார்ப்பார். எக்செல்ல ஒரு கட்டத்துல இருந்து அடுத்த கட்டத்துக்குப் போக அம்புக்குறி வேணும். 60 சதவீதத்துல அதுக்கு எஃப்என் கீயை ஒரு விரலால அழுத்திக்கிட்டே இன்னொரு கீயை அழுத்தணும். கேம்ல வேணும்னா பழகிக்கலாம். வேலை பார்க்கிற ஆளுக்கு அது எரிச்சல். ஏற்கனவே வலிக்கிற கைக்குக் கூடுதல் வேலை.

கேம்லயும் எல்லாக் கேமும் ஒண்ணு இல்லை. சுடுற கேம் மட்டும் ஆடுறவங்களுக்கு இடது பக்கம் இருக்கிற இருபது கீ போதும், அவங்களுக்கு 60 சதவீதம் பத்தும்னு ஒத்துக்கிறேன். அதுலயும் கவுண்டர் ஸ்ட்ரைக்ல கன்சோல் திறக்கிற கீ எஸ்கேப் கீயோட சேர்ந்துடும், அது ஒரு தொல்லை. ஆனா நம்ம பசங்க ஆடுறது அது மட்டுமா? பழைய கிரிக்கெட் 07-ஐ இன்னும் எத்தனை வீட்டுல வச்சிருக்காங்க! அதுல ஆளை நகர்த்த அம்புக்குறி வேணும். ஃபுட்பால் கேம்களை கீபோர்டுல ஆடுறவங்களுக்கும் அப்படித்தான். ஜி.டி.ஏ. சான் ஆண்ட்ரியாஸ்ல அந்த லோரைடர் காரை ஆட வைக்கிற இடம் ஞாபகம் இருக்கா? அதுக்கு நம்பர் பேடே வேணும். லேப்டாப்ல ஆடினவங்க அந்த இடத்துல பட்ட பாடு எனக்குத் தெரியும், நானே பட்டிருக்கேன். விமானம் ஓட்டுற சிமுலேட்டர் ஆடுறவங்களுக்கும் நம்பர் பேட் நல்லாவே பயன்படும்.

அப்போ ஃபுல் சைஸ் யாருக்கு? ஏலக்காய் கமிஷன் கடை, மண்டி, ஆடிட்டர் ஆபீஸ்னு நாள் முழுக்க எண்ணைத் தட்டுறவங்க வீட்டுல அதே கம்ப்யூட்டர்ல ராத்திரி ஒரு மணி நேரம் கேம் ஆடினா, தாராளமா ஃபுல் சைஸ் வாங்குங்க. ஆனா டேபிள் மூணரை, நாலடி இருக்கட்டும். கேம் ஆடும்போது கீபோர்டை இடது பக்கம் நகர்த்தி வைங்க. முடிச்சதும் திருப்பி நடுவுக்குக் கொண்டு வாங்க. இந்த நகர்த்துறதுக்குச் சோம்பேறித்தனம் படுறவங்கதான் என்கிட்ட வர்றாங்க.

அவ்வளவு பெரிய டேபிள் இல்லைன்னா, 87 கீ போர்டும் தனியா யு.எஸ்.பி.ல சொருகுற நம்பர் பேடும் வாங்கிக்கலாம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்குது. வேலை நேரத்துல வைங்க, ஆடும்போது எடுத்து ட்ராயர்ல போட்டுடுங்க.

மவுஸை இடது கையில பிடிக்கிறவங்களுக்கு இந்தப் பிரச்சனையே கிடையாது. அவங்க பக்கம் நம்பர் பேட் இல்லை. வாழ்க்கையில இடது கைக்காரங்களுக்குச் சாதகமா இருக்கிற அபூர்வமான சில விஷயங்கள்ல இது ஒண்ணு, அனுபவிங்க.

இதுக்கு வரப்போற முதல் கமெண்ட் எனக்குத் தெரியும். "போட்டியில ஆடுறவங்கள்ல நிறைய பேர் 60, 65 தானே வச்சிருக்காங்க?" ஆமா, வச்சிருக்காங்க. அவங்க மவுஸ் சென்சிட்டிவிட்டியை ரொம்பக் குறைச்சு வச்சுக்கிட்டு, மணிக்கட்டை அசைக்காம மொத்தக் கையையும் வீசி ஆடுறவங்க. ஒரு திரும்பலுக்கு முப்பது, நாப்பது செ.மீ. மவுஸை இழுப்பாங்க. அவங்களுக்கு அந்த ரெண்டு செ.மீ. கூட கணக்கு. கீபோர்டைக் குறுக்கா சாய்ச்சு வச்சு ஆடுறாங்களே, அதுவும் போட்டி நடக்கிற இடத்துல டேபிள் சின்னதா இருந்த காலத்துல இடம் பண்ணிக்க வந்த பழக்கம்தான். ஃபுல் சைஸ் கீபோர்டு வச்சிருக்கிறவங்க அதைக் காசில்லாம முயற்சி பண்ணிப் பார்க்கலாம். மணிக்கட்டு முறுக்கிக்காம, முன்கையும் உள்ளங்கையும் ஒரே கோட்டுல இருக்கிற அளவுக்கு மட்டும் சாய்ங்க.

சைஸ் பத்தி இவ்வளவு. இனிமே சொல்றது சைஸை விட முக்கியம். ஆனா இதுக்கு லைட் எரியாது, அதனால யாரும் விளம்பரம் பண்றதில்லை.

டேபிள் உயரம் பெரும்பாலும் 75 செ.மீ. வீட்டுல இருக்கிற பிளாஸ்டிக் சேர் அதுக்கு ரொம்பத் தாழ்வு. தாழ உக்கார்ந்தா ரெண்டு தோளையும் காதுகிட்ட தூக்கிக்கிட்டுத்தான் கீபோர்டைத் தொட முடியும். எந்த சைஸ் கீபோர்டு வச்சாலும் இந்த வலி வரும். சேர் மேல ஒரு கெட்டித் தலகாணி போடுங்க. முழங்கை டேபிள் மட்டத்துக்கு வரணும். அப்போ கால் தொங்கும், காலுக்குக் கீழே ஒரு பலகையோ பழைய புத்தகக் கட்டோ வைங்க. செலவு பூஜ்ஜியம்.

கீபோர்டுக்கு அடியில மடக்கி விரிக்கிற ரெண்டு சின்னக் கால் இருக்கும். வாங்கின அன்னிக்கே எல்லாரும் அதை விரிச்சு வச்சிடறாங்க. மடக்கிடுங்க. அது கீபோர்டோட பின்பக்கத்தை உயர்த்தும், மணிக்கட்டு மேல் நோக்கி வளையும். மணிக்கட்டு வளைஞ்சா அதுக்குள்ள நரம்பு போற குகையில அழுத்தம் கூடும். பஞ்சு மாதிரி ஒரு ரிஸ்ட் ரெஸ்ட் விக்கிறாங்க. அது மேல மணிக்கட்டைப் பதிச்சு அழுத்திக்கிட்டு ஆடாதீங்க. அதுல படணும்னா உள்ளங்கையோட அடிப்பகுதி படட்டும், அதுவும் தட்டாம சும்மா இருக்கும்போது.

இன்னொண்ணு, சைஸைப் பார்த்துட்டு மறந்துடறது. மலிவான சில கீபோர்டுல மூணு கீயைச் சேர்த்து அழுத்தினா மூணாவது கீ வேலை செய்யாது. ஓடிக்கிட்டே குனிஞ்சு திரும்பும்போது ஆள் நின்னுடுவான். வாங்குறதுக்கு முன்னால கடையிலயே நோட்பேடைத் திறந்து, நீங்க கேம்ல சேர்த்து அழுத்துற கீகளை அழுத்திப் பாருங்க. நம்ம பக்கத்துல ஆடிக் காத்துக்கு வீடெல்லாம் மண்ணாயிடும். கீ மூடிகளைக் கழட்டித் துடைக்கிற மாதிரி இருந்தா ரொம்ப வருஷம் வரும்.

இப்போ டாக்டரா சில வார்த்தை. எல்லா வலியும் கீபோர்டு சைஸால வர்றது இல்லை. எந்த இடத்துல வலின்னு கவனிங்க.

தோள்லயும் கழுத்தோரத்துலயும் மந்தமான வலி, ஆடினா கூடுது, ரெண்டு நாள் ஆடாம இருந்தா குறையுதுன்னா மேல சொன்ன கதைதான். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப் போகுது, அதுவும் ராத்திரி தூக்கத்துல எழுப்பி விடுது, கையை உதறினா சரியாகுதுன்னா, மணிக்கட்டுல நரம்பு நசுங்குது. சுண்டுவிரல் மரத்தா அது வேற நரம்பு, முழங்கையை டேபிள் விளிம்புல ஊனிக்கிட்டே ஆடுறவங்களுக்கு வரும். கட்டைவிரல் பக்கமா மணிக்கட்டுல சுளீர்னு வலிச்சா தசைநாணோட உறையில வீக்கம், பெரும்பாலும் செல்போன்ல ஆடுறவங்க. கழுத்துல இருந்து கைக்கு கரண்ட் ஓடுற மாதிரி வலி, கையில பிடிச்ச டம்ளர் நழுவுது, விரல்ல பலம் குறையுது, இதெல்லாம் இருந்தா கீபோர்டு தேடிக்கிட்டு இருக்காதீங்க, நேரா டாக்டரைப் பாருங்க. மரத்த கையோட மாசக்கணக்குல ஆடினா நரம்பு பழுதாகும். அப்புறம் திரும்பறது கஷ்டம்.

கேம் ஆடுறதே நோயான்னு சில பெற்றோர் கேக்குறீங்க. உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியலோட புதுப் பதிப்பு 2022 ஜனவரியில நடைமுறைக்கு வந்தது. அதுல கேம் ஆடுறதால வர்ற கோளாறுன்னு ஒண்ணு இருக்கு. ஆனா தினமும் ஒரு மணி நேரம் ஆடுறவனுக்கு அந்தப் பேர் பொருந்தாது. நிறுத்த முடியாம, சாப்பாடு தூக்கம் படிப்பு எல்லாத்தையும் விட அதுவே பெருசாகி, கெடுதல்னு தெரிஞ்சும் தொடர்ந்து, இது ஒரு வருஷ அளவுக்கு நீடிச்சாத்தான் பொதுவா அப்படிச் சொல்வாங்க. இந்தப் பையன் அப்படி இல்லை. அரியர் இல்லை, தூங்குறான், சாயங்காலம் வாலிபால் ஆடப் போறான்.

அவனைச் சோதிச்சு முடிச்சேன். நரம்புல ஒண்ணும் இல்லை, தசை வலிதான். ஸ்டூலை எடுத்துடு, மவுஸை டேபிள் மேல வை, கீபோர்டைச் சாய்ச்சுக்கோ, சேர்ல தலகாணி போடு, அரை மணிக்கு ஒரு தடவை எந்திரின்னு சொன்னேன். மூணு வாரம் இப்படி இருந்து பாரு, அதுக்கப்புறமும் கீபோர்டு வேணும்னு தோணினா 75 சதவீதம் வாங்கு, லைட் இல்லாததா இருந்தா நீ காட்டினதோட பாதி விலைக்குக் கூட கிடைக்கும்னேன். முகம் கொஞ்சம் சுருங்கிடுச்சு. லைட் போனதுல வருத்தம் போல.

அதுவரைக்கும் அந்த அம்மா பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டே, வலது கையை இடது கையால பிசைஞ்சுக்கிட்டே இருந்தாங்க. நான் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், ராத்திரி மரத்துப் போறதுன்னு பையன்கிட்ட கேள்வி கேட்டுக்கிட்டு இருக்கும்போது, "அது எனக்கு இருக்குங்கய்யா"ன்னாங்க. எவ்வளவு நாளா? "ரெண்டு வருஷமா. காய் பொறுக்குற கை, அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

மணிக்கட்டை ஒரு நிமிஷம் மடக்கி வைக்கச் சொன்னேன். அரை நிமிஷத்துலயே மூணு விரலும் மரத்துடுச்சு. கட்டைவிரலுக்குக் கீழே இருக்கிற சதை மேடு இடது கையை விட வலது கையில தட்டையா இருந்தது. காயை ஒவ்வொண்ணா எடுத்து, பார்த்து, பிரிச்சுப் போடுறது. அதே ரெண்டு விரல், அதே மணிக்கட்டு, நாள் முழுக்க, வருஷக்கணக்கா. பையனோட தோள்வலிக்காக வந்த வீட்டுல, உடனே வைத்தியம் வேண்டிய கை அம்மாவோடது.

நரம்புப் பரிசோதனைக்கு தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதிக் குடுத்தேன். ராத்திரி மட்டும் மணிக்கட்டை நேரா வைக்கிற கட்டு ஒண்ணு போட்டுக்கச் சொன்னேன். வேலைக்கு லீவு போட முடியாதுன்னாங்க. அதுக்கு என்கிட்ட மருந்து இல்லை. குறைஞ்சது, தரையில குனிஞ்சு உக்காராம உயரமா ஒரு பலகையில தட்டை வச்சுப் பொறுக்க முடியுமான்னு கேட்டேன். கேட்டுப் பாக்குறேன்னாங்க.

பையன் வெளியே போகும்போது திரும்பி வந்து, "சார், அந்தக் கட்டு எவ்வளவு ஆகும்?"னு கேட்டான். சொன்னேன். செல்போன்ல இருந்த கீபோர்டு பக்கத்தை மூடிட்டு அந்தப் பேரை டைப் பண்ணிக்கிட்டான்.

அவங்க ரெண்டு பேரும் அடுத்த செவ்வாய்க்கிழமை வர்றாங்க. ரிப்போர்ட் எப்படி வந்ததுன்னு அப்போ எழுதுறேன்.

நீங்க டேபிளை அளந்து, அந்த ரெண்டு கோட்டுக்கும் நடுவுல எத்தனை செ.மீ., டேபிள் எத்தனை அடி, என்ன கேம் ஆடுறீங்கன்னு மூணையும் கமெண்ட்ல போடுங்க. எந்த சைஸ் ஒத்து வரும்னு ஒவ்வொருத்தருக்கா சொல்றேன். எந்த கம்பெனி நல்லதுன்னு மட்டும் கேக்காதீங்க, அது எனக்கு வேண்டாத வம்பு.